ஈசாக் போர்க்கின் பாவ அறிக்கை

78 வயது மருத்துவப் பேராசிரியர் ஒருவரைக் கனவில் பரீட்சைக்கு உட்கார வைக்கிறார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் அவருடைய கண்ணேதான் தெரிகிறது. கரும்பலகையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியவில்லை. அது மருத்துவருடைய முதல் கடமை என்கிறார் பரீட்சகர். அந்தக் கடமை என்னவென்று கிழவருக்கு ஞாபகம் வரவில்லை. மன்னிப்புக் கேட்பதுதான் என்று பரீட்சகரே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து ஒரு பெண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இறந்துவிட்டாள் என்கிறார், அவள் கண்ணைத் திறந்து உரக்கச் சிரிக்கிறாள். தேறவில்லை என்று குறித்துக்கொண்ட பரீட்சகர், அவர்மேல் இருக்கிற மற்றக் குற்றச்சாட்டுகளையும் சொல்கிறார்: உணர்ச்சியற்ற தன்மை, சுயநலம், பிறர்மேல் அக்கறையின்மை. குற்றம் சாட்டியிருப்பவள் அவருடைய மனைவி. அவள் இறந்து முப்பது வருடம் ஆகிறது.

தண்டனை என்ன என்று கேட்கிறார். வழக்கமானதுதான், தனிமை. இரக்கத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கிறார். அதை என்னிடம் கேட்காதீர்கள், அந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது என்கிறார் பரீட்சகர்.

இங்மார் பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' 1957 டிசம்பர் 26 அன்று சுவீடனில் வெளியானது. மறு ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. முள்ளில்லாத கடிகாரம், சக்கரம் கழன்ற சவ வண்டி, பெட்டிக்குள்ளிருந்து கையைப் பிடித்து இழுக்கும் பிணம் என்று அதன் முதல் கனவைப் பற்றித்தான் சினிமா எழுதுகிறவர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பரீட்சகரின் அந்த ஒற்றைப் பதில் பெரியது. நான் லுத்தரன் சபையில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். இரக்கம் உண்டா என்ற கேள்விக்கு, ஞாயிறுதோறும் பலிபீடத்தின் முன் நின்று, உண்டு என்று சபைக்குச் சொல்லி வந்தவன். போதகர் வீட்டில் பிறந்த ஒரு கலைஞன் தன் பரீட்சகரை ஏன் அப்படிச் சொல்ல வைத்தான் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பெர்க்மன் வளர்ந்த திருச்சபையும் நான் ஊழியம் செய்த திருச்சபையும் ஒரே குடும்பம். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது. தரங்கம்பாடிப் பேராயர்களாக முதலில் இருந்த மூவரும், ஹ்யூமன், பெக்செல், சாண்டகிரன், சுவீடன்காரர்கள். 1956இல் ராஜா பி. மாணிக்கம் வந்த பிறகுதான் அந்தப் பொறுப்பு ஓர் இந்தியரிடம் வந்தது. ஆகவே இந்தப் படத்தின் சுவீடன் எனக்கு முழுக்க அந்நிய தேசம் அல்ல. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒப்பித்த லூத்தரின் ஞானோபதேசத்தைத்தான் நாங்களும் திடப்படுத்தலுக்கு முன்னால் மனப்பாடம் செய்தோம். ஈசாக் என்ற பெயரும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வைக்கிற பெயர்.

கதை ஒரே நாளில் நடந்து முடிகிறது. ஈசாக் போர்க், மனைவியை இழந்தவர். ஸ்டாக்ஹோமில் ஆக்டா என்ற வயதான பணிப்பெண்ணோடு இருக்கிறார். மருத்துவப் பட்டம் வாங்கி 50 வருடம் நிறைவதால், லுண்ட் நகரத்துப் பேராலயத்தில் அவரைக் கௌரவிக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. விமானத்தில் போக வேண்டியவர், கெட்ட கனவு கண்டு விடியற்காலையில் எழுந்து, காரிலேயே போகிறேன் என்கிறார். புருஷனோடு மனஸ்தாபப்பட்டு மாமனார் வீட்டில் வந்து தங்கியிருந்த மருமகள் மரியானும் கூட வருகிறாள். வழியில் சின்ன வயதில் கோடைகாலம் கழித்த வீட்டில் இறங்குகிறார். அங்கே காட்டு ஸ்ட்ராபெரி படர்ந்த இடத்தில் உட்கார்ந்ததும், ஒரு காலத்தில் தனக்கென்று இருந்து பிறகு தன் அண்ணன் தம்பிகளில் ஒருவனையே கட்டிக்கொண்ட சாரா, இளம் பெண்ணாகவே பழம் பறித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். ஈசாக் எவ்வளவு உயர்ந்தவன், எவ்வளவு ஒழுக்கமானவன் என்று அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். கவிதை வாசிக்கிறான், மறுமையைப் பற்றிப் பேசுகிறான், பாவத்தைப் பற்றிப் பேசுகிறான். அவனுக்குப் பக்கத்தில் நின்றால் தனக்குத் தான் ஒன்றுமேயில்லை என்று தோன்றுகிறதாம். அதனால் அவனை விட்டுப் போகிறாள்.

இளமையிலேயே பாவத்தைப் பற்றி ஓயாமல் பேசியவர் கிழவரான பிறகு தம்மிடம் ஒரு பாவத்தையும் காணமாட்டேன் என்கிறார். படத்தின் தொடக்கத்தில் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது குரலில் ஒரு சஞ்சலமும் இல்லை. ஊராரோடு பழகினால் புறம் பேசத்தான் நேர்கிறது, அதனால் ஒதுங்கிக்கொண்டேன் என்கிறார். உழைத்தார், ஆராய்ச்சி செய்தார், கடன்பட்டதில்லை, வாக்குத் தவறியதில்லை.

இப்படிப்பட்ட பெரியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வியாதிப்படுக்கையில் இருக்கிறவர்களுக்கு இராப்போஜனம் கொடுக்கப் போனால், அதற்கு முன்னால் பாவ அறிக்கை செய்ய வேண்டும். குடித்துக் கெட்டவர், சொத்துக்காகக் கூடப் பிறந்தவரை ஏமாற்றியவர், இவர்கள் அறிக்கை செய்வது சுலபம். சொல்ல அவர்களிடம் ஒரு காரியம் இருக்கிறது. கஷ்டம், "ஐயரே, மனசறிய நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல" என்று சொல்கிறவர்களிடம்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. அப்படிச் சொன்ன ஒரு பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்ற அவர் மனைவி, நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "கெடுதல் பண்ணல ஐயரே, உண்மைதான். நாற்பது வருஷமா எங்கிட்ட ஒண்ணும் கேட்டதும் இல்ல" என்றார். என்ன சாப்பிட்டாய், ஏன் முகம் வாடியிருக்கிறது, ஊருக்குப் போக வேண்டுமா, எதையும் கேட்டதில்லையாம். எந்தக் கற்பனையின் கீழ் அதை எழுதுவது? பத்துக் கற்பனைகளில் எதையும் அவர் மீறவில்லை.

பெர்க்மனின் படம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஈசாக்காக நடித்த விக்டர் ஷோஸ்த்ரோம் 1921இல் 'பேய் வண்டி' என்ற மௌனப் படத்தை இயக்கி நடித்தவர். பெர்க்மனுக்கு உயிரான படம் அது. அதிலும் ஒரு மனிதன் தன் கடந்த காலத்தைக் கண்ணால் பார்க்கும்படி ஆகிறது. ஆனால் அவன் குடிகாரன், மனைவி மக்களை வதைத்தவன். அவனுடைய பாவத்துக்குப் பெயர் இருக்கிறது. கடைசியில் அவன் ஜெபிப்பதற்கும் வார்த்தை இருக்கிறது. முப்பத்தாறு வருடம் கழித்து அதே முகத்தைப் பெர்க்மன் கேமரா முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தபோது, இந்தத் தடவை பெயர் சொல்ல முடியாத பாவத்தைக் கொடுத்தார். ஷோஸ்த்ரோமுக்கு அதுவே கடைசிப் படம். 1960 ஜனவரியில் இறந்துபோனார்.

பெர்க்மனின் அப்பா எரிக் பெர்க்மன் ஸ்டாக்ஹோமில் பேர்பெற்ற போதகர். 1987இல் வெளியான தன் வரலாற்றில், வீட்டில் தண்டனை எப்படி நடந்தது என்று மகன் எழுதியிருக்கிறார். தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை அடி என்று தீர்மானம் ஆகும். அடி முடிந்ததும் அப்பாவின் கையை முத்தமிட வேண்டும். உடனே மன்னிப்பு அறிவிக்கப்படும், பாரம் இறங்கிவிடும். அறிக்கை, தண்டனை, மன்னிப்பு, கிருபை என்று படிப்படியாக ஏறுகிற ஏற்பாடு. அந்த வரிசையைப் படித்தபோது எனக்கு மனது வலித்தது. ஏனென்றால் லூத்தர் சொன்னதற்கு நேர் தலைகீழான வரிசை அது. தண்டனையைச் செலுத்தி மன்னிப்பை வாங்க முடியாது என்பதற்காகத்தான் 1517இல் அவர் சச்சரவையே தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய ஒரு குருமனையிலேயே மன்னிப்புக்கு அடி என்ற விலை இருந்திருக்கிறது.

பரீட்சைக் கூடத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நியாயப்பிரமாணம் ஒன்று, சுவிசேஷம் ஒன்று. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவனே வேதபண்டிதன் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நியாயப்பிரமாணம் நீ யார் என்று காட்டும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பரீட்சகர் நியாயப்பிரமாணத்தின் ஆள். அவர் பொய் சொல்லவில்லை, கொடுமைக்காரரும் அல்ல. இரக்கத்தைப் பற்றி அவருக்கு உண்மையாகவே தெரியாது. கிழவர் கேட்டது சரியான கேள்வி, கேட்ட ஆள்தான் தப்பு.

மத்தேயுவின் சுவிசேஷத்தில் இதே காட்சி வருகிறது. யூதாஸ் மனஸ்தாபப்பட்டு முப்பது வெள்ளிக்காசை எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியரிடம் திரும்பிப் போகிறான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்கிறான். அதைவிடச் சுத்தமான பாவ அறிக்கை வேதத்தில் அதிகம் இல்லை. அது எங்கள் காரியம் அல்ல, நீயே பார்த்துக்கொள் என்று அவர்கள் கைகழுவிவிடுகிறார்கள். இரக்கத்தைச் சொல்வதற்கென்றே ஏற்படுத்தப்பட்டவர்கள் சொன்ன பதில் அது. அவன் காசை வீசிவிட்டுத் தனியாகப் போகிறான். அவன் காட்டிக்கொடுத்த அதே ராத்திரி மூன்று தடவை மறுதலித்த பேதுருவும் வெளியே போய்க் கசந்து அழுதவன்தான். துக்கத்தில் யாருடையது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். பேதுரு மற்றவர்கள் இருந்த வீட்டுக்குத் திரும்பி வந்தான். வெட்கத்தோடுதான் வந்திருப்பான். ஆனாலும் வந்து அவர்களோடு உட்கார்ந்திருந்தான், மீன் பிடிக்கப் போனான். அதனால்தான் கரையில் நெருப்பு மூட்டி ஒருவர் காத்திருந்தபோது அவன் அங்கே இருந்தான்.

ஈசாக் போர்க் அன்று விமானத்தில் போயிருந்தால் அவருக்கு ஒன்றும் நடந்திருக்காது. காரில் போனதால் பக்கத்து இருக்கையில் மரியான் இருந்தாள். சிகரெட் பிடிக்காதே என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார். அவள் சளைக்கவில்லை. வெளியே பார்க்கிறவர்களுக்கு நீங்கள் பெரிய மனிதாபிமானி, உள்ளே இருக்கிற எங்களுக்குத் தெரியும் நீங்கள் எப்படிப்பட்ட சுயநலக்காரர் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். மகன் ஈவால்ட் அவரிடம் வாங்கிய கடனைக் கஷ்டப்பட்டு அடைத்துக்கொண்டிருக்கிறான். பணம் இவருக்குத் தேவையே இல்லை. வாக்கு வாக்குதான், ஈவால்ட் அதை மதிக்கிறவன் என்கிறார். மதிக்கிறார், உங்களை வெறுக்கவும் செய்கிறார் என்கிறாள். நியாயப்பிரமாணம் இதைவிடக் கூர்மையாக எந்தப் பிரசங்கத்திலும் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவள் காரைவிட்டு இறங்கிப் போகவில்லை. பகல் முழுக்க அவரோடு வருகிறாள், பாதி வழியில் வண்டியை அவளே ஓட்டுகிறாள், அவர் கனவிலிருந்து விழித்ததும் அவர் சொல்வதைக் கேட்கிறாள், பிறகு தன் துக்கத்தை அவரிடமே சொல்கிறாள். பரீட்சகருக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கனவுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். வழியில் சாரா என்றே பெயர் கொண்ட வேறொரு பெண்ணும் இரண்டு பையன்களும் ஏறிக்கொள்கிறார்கள். ஒருவன் போதகராகப் படிக்கிறவன், இன்னொருவன் மருத்துவம் படிக்கிறவன். தேவன் உண்டா இல்லையா என்று கைகலப்பு வரைக்கும் போகிறார்கள். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்று படம் சொல்லவில்லை. பெட்ரோல் போட நிறுத்தின இடத்தில் கடைக்காரன் ஓக்கர்மான் காசு வாங்கமாட்டேன் என்கிறான். ஈசாக் இளம் டாக்டராக அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர். அவர் செய்த உதவியை ஊர் மறக்கவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்கிறார்கள். இங்கேயே இருந்திருக்க வேண்டுமோ என்னவோ என்று கிழவர் தனக்குள் முணுமுணுக்கிறார். பிறகு, அவர் 50 வருடம் டாக்டராக இருந்தவர் என்பதற்காக அந்த மூன்று பிள்ளைகளும் வழியோரப் பூக்களைப் பறித்துக் கொத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

இவற்றில் ஒன்றையும் அவர் சம்பாதிக்கவில்லை. ஓக்கர்மானுடைய நன்றிகூட அவரே மறந்துபோன காரியத்துக்காக வந்தது. கனவுக்குள்ளே இரக்கம் இல்லையா என்று கேட்கிறவருடைய வண்டியில் காலையிலிருந்து இரக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது மன்னிப்பு என்ற பெயரில் வரவில்லை, தண்டனை முடியட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. குருமனையில் பெர்க்மன் படித்த வரிசையைப் பெர்க்மனுடைய கதையே கவிழ்த்துப் போடுகிறது. கிருபை முதலில் வந்துவிட்டது, அறிக்கை கடைசியில்தான் வருகிறது. தன்னை இனிமேல் விசுவாசி என்று சொல்லிக்கொள்ளாத ஒருவர் இதை எடுத்தார் என்பதால் எனக்கு இது குறைந்த சாட்சியாகப் படவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் காரின் நிற்கிறாள். ஈசாக்கின் மனைவி. அவளைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

கனவில் பரீட்சகர் அவரைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்க வைக்கிறார். 1917 மே 1, செவ்வாய்க்கிழமை; தேதி கிழமையோடு அவருக்கு நினைவிருக்கிறது. காரின் வேறொருவனோடு இருக்கிறாள். எல்லாம் முடிந்தபின் அவள் அந்த ஆளிடம் சொல்கிறாள்: வீட்டுக்குப் போய் இதை ஈசாக்கிடம் சொல்வேன், அவர் என்ன சொல்வார் என்றுகூட எனக்குத் தெரியும். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, நான் மன்னிக்க ஒன்றுமில்லை என்பார். உங்களால்தான் இப்படி ஆனேன் என்று நான் சொன்னால், ஆமாம், என்னால்தான் என்பார். கடவுள் மாதிரிப் பரிதாபப்படுவார். ஆனால் அவருக்கு எதுவுமே உறைக்காது.

ஈசாக்கின் மிகப் பெரிய பாவம் மன்னிக்காதது அல்ல. மன்னித்ததுதான். வலிக்காமல் மன்னித்தார். அவள் துரோகம் தன்னைத் தொட்டது என்று காட்டக்கூட மறுத்தார். தொடாத ஒன்றை மன்னிப்பது அவளை ஒரு பொருட்டாகவே எண்ணாததற்குச் சமம். அந்தக் காட்சி முடிந்ததும் பரீட்சகர், எல்லாம் அகற்றப்பட்டுவிட்டது, அருமையான அறுவைசிகிச்சை, வலியும் இல்லை, இரத்தமும் இல்லை என்கிறார். ஜெர்மானிய லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் மலிவான கிருபை என்று ஒன்றைக் கண்டித்தார். கொடுக்கிறவனுக்கும் செலவில்லை, வாங்குகிறவனுக்கும் செலவில்லை, அப்படிப்பட்ட மன்னிப்பு சபையைக் கொல்லும் என்றார். எட்டு வருடம் கழித்து ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் வாழ்க்கையில் கிருபை மலிவாக இருக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரே தாளத்தில் பாவமன்னிப்புச் சொல்லுகிற எங்கள் எல்லாருக்கும் காரினின் பேச்சு நேராக வருகிறது.

இப்போது அந்தக் காரினிடம் யார் மன்னிப்புக் கேட்பது? கேட்டாலும் யார் கொடுப்பது? பாதிக்கப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் மன்னிக்கிற உரிமை கிடையாது, அவர் செத்துவிட்டால் அந்த உரிமையும் அவரோடு போய்விடுகிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் விளாடிமிர் ஜான்கெலெவிட்ச் வாதாடினார். அவர் நாஜிகள் செய்த கொலைகளை மனதில் வைத்துச் சொன்னார். ஒரு குடும்பத்துக் கசப்புக்கு அதை அப்படியே பொருத்துவது நியாயமாகாது. ஆனாலும் அடிப்படை என்னைப் பிடித்துக்கொள்கிறது. தேவன் மன்னித்துவிட்டார் என்று ஒரு கிழவரிடம் நான் சொல்லலாம், சொல்லவும் செய்தேன். உங்கள் மனைவியும் மன்னித்துவிட்டார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் யார் கொடுத்தது? அப்படிச் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவர்கள் உண்டு. சொன்னதில்லை.

அப்படியானால் சாகும்வரை வருந்திக்கொண்டே இருப்பதுதான் நேர்மையா? ஸ்பினோஸா இல்லை என்பார். வருந்துகிறவன் இரண்டு தடவை பரிதாபத்துக்குரியவன், முதலில் தப்பான ஆசைக்குத் தோற்றான், பிறகு துக்கத்துக்கும் தோற்றான் என்பது அவருடைய 'எதிக்ஸ்' நூலின் கருத்து. உடனே அடுத்தாற்போல, மனிதர்கள் அறிவின்படி நடப்பது அபூர்வம் என்பதால் வருத்தம் கெடுதலைவிட நன்மையே அதிகம் செய்யும் என்றும் ஒத்துக்கொள்கிறார். நம்முடைய பரிமேலழகர் ஏறக்குறைய இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறார். திருக்குறளின் வினைத்தூய்மை அதிகாரத்தில் ஒரு குறள் வருகிறது. பின்னால் இரங்கும்படியான காரியத்தைச் செய்யாதே, செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாதிருப்பது நல்லது என்றுதான் அந்தக் குறளை நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். செய்துவிட்டால் பிறகு உட்கார்ந்து இரங்காமல் இருப்பது நல்லது என்று பரிமேலழகர் உரை எழுதினார். அமைச்சனுக்குச் சொன்ன புத்தி அது. நாளைக் காலையில் அவனுக்கு ராஜ்ய காரியம் இருக்கிறது, அழுதுகொண்டிருக்க நேரமில்லை. 78 வயதுக்காரருக்கு நாளைக்கு என்ன வேலை?

இருக்கிறது என்பதுதான் படம் எனக்குக் காட்டிய விஷயம். கனவுக்கு முன்னால் ஈசாக்கும் மரியானும் அவருடைய அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். தொண்ணூறைத் தாண்டிய அந்த அம்மாள் பெற்ற பத்துப் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பது ஈசாக் மட்டும். பிள்ளைகள் விளையாடின பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுகிறாள். முள்ளில்லாத தங்கக் கடிகாரம் ஒன்றையும் எடுக்கிறாள், பேரப்பிள்ளை ஒருவனுக்குக் கொடுப்பதற்கு. எனக்கு எப்போதும் குளிர்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்கிறாள். அந்த அறையில் நின்ற மரியானுக்குப் பயம் பிடிக்கிறது. அம்மாவின் குளிர் ஈசாக்குக்கு வந்தது, ஈசாக்கிடமிருந்து ஈவால்டுக்கு. தான் கர்ப்பமாயிருப்பதைச் சொன்னபோது ஈவால்ட் பிள்ளை வேண்டாம் என்றிருக்கிறான். நானே நரகம் மாதிரியான ஒரு குடும்பத்தில் யாருக்கும் வேண்டாத பிள்ளையாகப் பிறந்தவன், இந்த உலகத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவர மாட்டேன் என்று மழையில் காருக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறான். ஜென்மபாவம் என்ற போதனையை நான் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். பிள்ளைகள் ஆதாமையும் பழத்தையும் எழுதிக்கொண்டு போவார்கள். ஒருவரும் குற்றமென்று செய்யாமலே ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாக இறங்கி வந்து, பிறக்காத நாலாவது பிள்ளைமேலும் கை வைக்கிற அந்தக் குளிரைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

காரினிடம் போக வழியில்லை. மரியானின் வயிற்றில் இருக்கிற பிள்ளையிடம் போக வழி இருக்கிறது. இறந்தவளுக்குப் பட்ட கடனை உயிரோடு இருப்பவர்களிடம் அடைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய கணக்கை இன்னொருவரிடம் தீர்ப்பது அந்தப் பெண்ணை மறுபடி அழிப்பதாகும். காரின் அப்படியே இருப்பாள், மன்னிக்காதவளாகவே இருப்பாள். அவளை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஈசாக் மற்றவர்களிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

லுண்ட் பேராலயத்தில் மணி அடிக்கிறது, பீரங்கி முழங்குகிறது, லத்தீனில் வாசிக்கிறார்கள், தலையில் தொப்பி வைக்கிறார்கள். இரக்கம் அறிவிக்கப்பட வேண்டிய கட்டடத்துக்குள் அவருக்குக் கிடைத்தது மரியாதை. போதகனாக இதைப் பார்ப்பது எனக்குச் சங்கடம்தான், ஆனால் பெர்க்மன் நேர்மையாகக் காட்டியிருக்கிறார். அந்தச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது கிழவர் அன்றைய சம்பவங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறார், அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். தொடர்பே இல்லாத காரியங்களுக்குள் ஏதோ ஓர் ஒழுங்கு தெரிந்ததாம்.

அன்று ராத்திரிதான் பாவ அறிக்கை. காலையில் பயண விஷயமாகப் போட்ட சண்டைக்காக, லுண்டுக்கு வந்திருந்த ஆக்டாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். உடம்பு சரியில்லையா என்று அவள் பயந்துபோய்க் கேட்கிறாள். இத்தனை வருடம் ஆயிற்றே, இந்த மரியாதைப் பேச்சை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்கிறார். அதெல்லாம் வேண்டாம், நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டுப் போகிறாள், ஏதாவது வேண்டுமானால் கூப்பிடுங்கள், கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்றும் சொல்கிறாள். மரியான் வந்து குனிந்து முத்தமிடுகிறாள். உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். எனக்கும் உங்களைப் பிடித்திருக்கிறது என்கிறாள். பிறகு அவர் கண்ணை மூட, அந்தப் பழைய சாரா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தண்ணீர் ஓரத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் பக்கத்தில் இருக்கும் அம்மாவையும் தூரத்திலிருந்து காட்டுகிறாள்.

இந்த முடிவு மிகவும் இனிப்பாக இருக்கிறது, ஒரே நாளில் ஒரு மனிதனுக்கு இத்தனை சமாதானம் எப்படிக் கிடைக்கும் என்று என்னோடு வாதாடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஈவால்டை மறந்துவிடுகிறார்கள். அதே ராத்திரி மகன் அறைக்குள் வந்து கட்டில் பக்கத்தில் உட்காருகிறான். மரியானை விட்டு இருக்க முடியாது என்று ஒத்துக்கொள்கிறான். கிழவர் தயங்கித் தயங்கி, நீ என்னிடம் வாங்கின அந்தக் கடன் என்று ஆரம்பிக்கிறார். கவலைப்படாதீர்கள், உங்கள் பணம் வந்துவிடும் என்று மகன் சொல்லிவிடுகிறான். நான் அதைச் சொல்லவில்லை என்கிறார். வந்துவிடும் என்று மகன் மறுபடியும் சொல்கிறான். பேச்சு அங்கேயே அறுந்து போகிறது. வாழ்நாளெல்லாம் கணக்காகவே பேசி வந்த அப்பா முதல் தடவையாக வேறு பாஷை பேச வாயைத் திறக்கிறார், மகன் காதில் அதுவும் கணக்காகவே விழுகிறது. இது இனிப்பு அல்ல. அவர் மனதில் வந்துவிட்ட சமாதானம் இன்னும் ஈவால்டுக்கு வந்து சேரவில்லை.

நான் ஈசாக்கின் போதகராக இருந்திருந்தால், மறுநாள் அவருக்கு ஜெபத்தையும் சங்கீதத்தையும் விட முதலில் கொடுத்திருக்கக்கூடிய புத்தி ஒன்றுதான்: காலைச் சாப்பாட்டு மேசையில், மரியானும் இருக்கும்போது, அந்தக் கடன் பேச்சை மறுபடி எடுங்கள். நேற்று அவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். இந்தத் தடவையும் அவன் பணம் வந்துவிடும் என்று சொல்லலாம். பத்திரத்தையே கிழித்தாலும் மாதாமாதம் அனுப்பலாம். அனுப்பினால் வாங்கிப் பிறக்கப்போகிற பிள்ளையின் பேரில் போடுங்கள், அதையும் அவனிடம் சொல்லிவிட்டே போடுங்கள்.